தேவ்சி பாடாத வீடு

அன்றைக்கு மழை பெய்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பெய்தது என்பாள் இந்த்ரேணி. தூறல்கூட இல்லை, வெறும் மூடுபனி என்பான் நோர்டென். இருவரும் ஒரே ஜீப்பின் முன்சீட்டில், ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்திருந்தவர்கள். நான் அந்த வண்டியிலேயே இல்லை. பல வருஷம் கேட்டுக் கேட்டு, எது அவர்கள் சொன்னது, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. கதைக்கு மழை இருக்கட்டும்.

மழை பெய்துகொண்டிருந்தது.

டார்ஜிலிங் பக்கத்து மலையூர் ஓக்கர்துராவுக்கு ஏறும் மத்தியான ஜீப். பின்னால் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இந்த்ரேணி, மடியில் ஒரு துணிப்பை.

"பையைக் கீழ வைங்க. கியர் போட முடியல."

"கீழ வச்சா நனையும், அண்ணே. உள்ள பதினொரு பேர் இருக்காங்க."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான். சிரித்தால் கோடாகிவிடும் கண்கள். சிரிக்காதபோது அவற்றில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது...

"ஏற்கெனவே பத்துப் பேர ஏத்தியிருக்கேன். இன்னும் பதினொண்ணா? போலீஸ் புடிச்சா நீங்கதான் பேசணும்."

"குரலுங்க. டேப்புல இருக்காங்க." அவளுக்கும் சிரிப்பு வந்தது. "ஊர் நூலகத்துக்காகப் பதிவு பண்றேன். பெரியவங்களுக்கு அந்தக் காலம் என்ன ஞாபகம் இருக்குன்னு."

"என்ன இருக்கும்? எந்தக் கல்யாணத்துல யாருக்குக் கறி வைக்கலங்கறதுதான் இருக்கும்."

பின்சீட்டிலிருந்து ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த்ரேணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, காதில் கருவியை மாட்டி, பாதியில் விட்டிருந்த டேப்பை ஓடவிட்டாள். கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றையொன்று துரத்தி இறங்கின. அவற்றுக்கு நடுவே அவன் முகம் கலங்கலாகத் தெரிந்தது. பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பார்த்தாள்.

ஒரு வளைவில் அவன் கியரை மாற்றினான். காதுக் கருவியின் கம்பி அதில் சிக்கி, டேப் ரெக்கார்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. முடிதிருத்தும் தன்பீரின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"...மலை சரிஞ்சது, சனம் அழுதது. வெறும் வண்டியோட வீரன் ஓடினான். வேற யாரு, டிரைவர் ஸோனம் லெப்சாதான்..."

ஜீப் நின்றது. இந்த்ரேணி ரெக்கார்டரைத் தடவித் தடவிப் பார்த்தாள். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. டேப்பில் தன்பீர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அதுவும் நின்றது. அப்புறம் துடைப்பான் மட்டும் கண்ணாடியில் போய்ப் போய் வந்தது.

"ஸோனம் லெப்சா எங்கப்பா" என்றான் அவன்.

அவன் இறங்கச் சொன்னானா, அவளே இறங்கினாளா என்பதிலும் இரண்டு கதை உண்டு. எப்படியோ, பையைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு அவள் அந்த வளைவில் நின்றாள். ஜீப் போய்விட்டது. ஐந்து நிமிஷம் கழித்து, பத்துப் பேரின் முணுமுணுப்போடு, அது பின்பக்கமாகவே இறங்கி வந்தது.

அவளைப் பார்க்காமல் சொன்னான்: "ஏறுங்க. உங்களுக்காக இல்ல. அந்தப் பதினொரு பேரும் நனைவாங்க."

மறுநாள் அவன் நூலகத்துக்கு வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவன் மாதிரி தயங்கி நின்றான்.

"அந்தப் பேச்ச அழிச்சிடுங்க."

"முடியாது."

"ஒரு பொத்தான் அமுக்கினா போதும்னு எனக்கும் தெரியும்."

"ஒருத்தர் சொன்னத இன்னைக்கு அழிச்சா, நாளைக்கு இன்னொருத்தர் சொன்னதையும் அழிப்பேன். அப்புறம் இங்க மிஞ்சறது ஊரோட ஞாபகம் இல்ல, என்னோட ஞாபகம்."

அவன் அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திஹார் சாயங்காலம் வீடு வீடா விளக்கு வைப்பாங்கல்ல" என்றான் கடைசியில். "வாசல் வாசலா நின்னு தேவ்சி பாடற கூட்டம் எங்க தெருவுல நுழையுதுன்னா, அப்பா எங்க வீட்டு விளக்க மட்டும் ஊதிடுவாரு. நாங்க இருட்டுல உக்காந்திருப்போம். கூட்டம் எங்க வாசலத் தாண்டறப்போ அந்த வரி வரும், வீரன் ஓடினான்னு. எனக்கு நாலு வயசு. பாட்டு நல்லா இருக்கேன்னு நானும் உள்ள இருந்து 'தேவ்சி ரே'ன்னு கத்திட்டேன்..."

இந்த்ரேணி தலை குனிந்திருந்தாள்.

"இத்தன நாள் பாட்டா இருந்துச்சு. இனிமே சரித்திரமாயிடும். அவ்வளவுதான?"

"நோர்டென் அண்ணே..."

"அண்ணேன்னு கூப்பிடாதீங்க. என் வண்டியிலயும் ஏறாதீங்க."

"ஏறல."

ஏறவில்லைதான். மூன்று வாரம் நடந்தாள். மலைப்பாதையில் ஒவ்வொரு ஜீப்பும் அவள் மேல் சேறு அடித்துவிட்டுப் போனது. ஒரு ஜீப் மட்டும் அவளுக்குச் சற்று முன்னால் வேகம் குறையும், ஒரு துளி தெறிக்காமல் கடக்கும், பிறகு கோபம் வந்ததுபோல் சீறிக்கொண்டு போகும். முதல் வாரம் அவள் அதைக் கவனிக்காத மாதிரி நடந்தாள். இரண்டாவது வாரம் அந்த எஞ்சின் சத்தத்துக்காகக் காது கொடுத்தாள். மூன்றாவது வாரம் அது வராத ஒரு நாளில், ஏன் வரவில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தாள்... தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அந்த எரிச்சலோடுதான் பதினொரு டேப்பையும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.

பதினொரு பேர் வெவ்வேறு ஜாதி, வெவ்வேறு தொழில், ஆளுக்கொரு வயது. ஊரின் முதல் பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்தைய மண்சரிவு வந்ததும் எல்லோரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னார்கள். மலை சரிஞ்சது, சனம் அழுதது, வெறும் வண்டியோட வீரன் ஓடினான். சொல்லும்போது குரல் லேசாக ஏறி இறங்கியது. அவள் விரல் மேசையில் தானாகவே தாளம் போட்டது. போட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது.

இவர்கள் யாரும் ஞாபகத்தில் இருந்து சொல்லவில்லை. பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி பதினொரு வீட்டுக்கும் போனாள். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி.

"மாமா, வண்டி போனப்போ நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?"

தன்பீர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். "நானா? நான் அப்போ டார்ஜிலிங்ல இல்ல இருந்தேன். தொழில் கத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப பாக்கலயா?"

"பாக்கணுமா என்ன? ஊருக்கே தெரியும்."

ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். பதினொரு பேரில் ஒருவர்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

நோர்டெனின் வீட்டுக்கு அவள் போனபோது ஸோனம் லெப்சா ஏலக்காயை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். அவள் ரெக்கார்டரை நடுவில் வைத்தாள். அவர் அதையும் அவளையும் பார்த்துவிட்டு, மறுபடி ஏலக்காயைக் கிளறினார். அந்த டேப்பை இன்றைக்குக் கேட்டாலும் முதல் இருபது நிமிஷத்தில் ஒரு காக்கையும், விறகு முறியும் சத்தமும்தான் இருக்கும். அவளும் கேள்வி கேட்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

"கீழருந்து பஸ் வர்ற நேரம்" என்றார் அவர் திடீரென்று.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. மேல்பஜாரில் மலை சரிந்தபோதே கீழே மூன்றாவது வளைவும் உடைந்து விழுந்துவிட்டதை அவர் மட்டும் பார்த்திருந்தார். மூடுபனி. பஸ் ஓட்டுபவனுக்கு ரோடு இல்லை என்பதே தெரியாது. உடைந்த ரோட்டைச் சுற்றி, தேயிலைத் தோட்டத்து மாட்டுப்பாதையில் ஜீப்பை இறக்கி, ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். பஸ் பத்தடிக்கு முன்னால் நின்றது. உள்ளே முப்பத்திரண்டு பேர்.

"மேல அடிபட்டவங்க இருந்தாங்களே, மாமா..."

"ஹர்காஜித் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. அவன் தம்பி உத்திரத்துக்கு அடியில கெடந்தான். ஏத்திட்டுப் போயிருக்கலாம். நின்னிருந்தா பஸ் போயிருக்கும்." அவர் கையில் இருந்த ஏலக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவக் கழட்டி அவனத் தூக்கிட்டுப் போனாங்களாம். பாதி வழியில போயிட்டான்."

"ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"அந்த மாட்டுப்பாதையும் மறுநாள் சரிஞ்சிடுச்சு, நாலு மாசம் ரோடு இல்ல. நான் கீழயே இருந்தேன். பஸ்ல வந்தவங்க யாரும் இந்த ஊர்க்காரங்க இல்ல. ரோடு தெறந்து நான் மேல வந்தப்போ பாட்டு எனக்கு முன்னாடியே வந்திருந்துச்சு. யாரும் எங்கிட்ட கேக்கல, பொண்ணு. பாடத்தான் செஞ்சாங்க."

அவள் எழுந்து திரும்பியபோது அடுக்களை வாசலில் நோர்டென் நின்றிருந்தான். கையில் இருந்த தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. அவள் பின்னாலேயே முற்றத்து ஓரம் வரை வந்தான்.

"எனக்கே சொன்னதில்ல" என்றான்.

"நீங்க கேட்டீங்களா?"

பள்ளத்தாக்கில் இருந்து பனி மேலேறி வந்துகொண்டிருந்தது. அவன் கண்கள் இப்போது எதையும் மறைக்கவில்லை.

"கேக்க பயம். ஆமான்னு சொல்லிட்டா என்ன செய்வேன்?"

அவன் கையைத் தொட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தொட்டால் அது திருட்டு.

"அந்த வரியக் கட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பாட்டுதான. யார் கட்டினா என்ன?"

"அதக் கட்டினதும், தேவ்சிக்கு முப்பது வருஷமா முன்வரி பாடறதும் ஹர்காஜித் ராய்தான். செத்துப்போனது எங்க சித்தப்பா. நான் ஹர்காஜித்தோட பொண்ணு."

அவன் ஆறின தேநீரைப் பள்ளத்தில் கொட்டிவிட்டுத் திரும்பி நின்றான். அவள் இறங்கிப் போனாள்.

வீட்டில் ஹர்காஜித் திஹாருக்காக மாதல் மத்தளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். இந்த்ரேணி ஒரு வார்த்தை பேசாமல் டேப்பை அவர் முன்னால் ஓடவிட்டாள். காக்கை கத்தியது. விறகு முறிந்தது. பிறகு அந்தக் குரல். வாரை இழுத்த கை இழுத்தபடியே இருந்தது.

"பஸ்ல எத்தன பேருன்னான்?"

"முப்பத்திரண்டு."

"என் தம்பி ஒருத்தன்" என்றார். அப்புறம், சின்ன மகளை அழைக்கும் செல்லப்பெயரில், "கூப்பிட்டேன், காஞ்சி. நிக்காமப் போனான். அத நான் கண்ணால பாத்தேன்."

"போனதப் பாத்தீங்கப்பா. எதுக்குப் போனாருன்னு பாக்கல."

"அவன நான் மன்னிக்கணுமா, இல்ல அவன் என்ன மன்னிக்கணுமா?"

"தெரியலப்பா."

திஹார் வரை அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஜீப்பும் அவளைக் கடந்து போகவில்லை. வேறு தடத்தில் ஓடுவதாகச் சொன்னார்கள். அவள் சாமந்திப்பூ மாலை கட்டினாள், செல் ரொட்டி சுட்டாள். எண்ணெயில் மாவு வட்டமாக வேகும்போது கண்ணில் நீர் வந்தால், புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

திஹார் சாயங்காலம், வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே ஹர்காஜித் மத்தளத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னால் இருபது பேர். முன்வரி எடுக்கிறவர் என்ன சொன்னாலும் சரி, "தேவ்சி ரே" என்று முடித்து வைப்பதுதான் அவர்கள் வேலை. இந்த்ரேணியும் கூட நடந்தாள். எந்த வீட்டுக்கும் போகாமல் அவர் நேராக லெப்சா தெருவில் நுழைந்தார். ஸோனத்தின் வீட்டு விளக்கு அணைந்தது. அந்த வாசலில் போய் நின்றார்.

நின்றவருக்கு வரி வரவில்லை. முப்பது வருஷம் பாடிய வாய். இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தெரு முழுக்க விளக்குகள் நடுங்கின. அந்த ஒரு வாசல் மட்டும் இருட்டு.

கதவு திறந்தது. ஸோனம் முறத்தில் அரிசியும் பூவும் வைத்து, நடுவில் அகலை ஏற்றி எடுத்து வந்தார். பின்னால் நோர்டென்.

"பாடு, ஹர்கா" என்றார் ஸோனம். "குளுருது."

ஹர்காஜித் தொண்டையைச் செருமினார்.

"மலை சரிஞ்சது..."

"தேவ்சி ரே!"

"மனசும் சரிஞ்சது..."

"தேவ்சி ரே!"

"பஸ்ஸ நிறுத்தினான்... பழிய ஏத்துக்கிட்டான்..."

"தேவ்சி ரே!" ஏன் என்று புரியாமலே கூட்டம் கத்தியது. மத்தளம் வேகம் பிடித்தது. நோர்டென் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு இந்த்ரேணியின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் உதடு அசைந்தது.

"என்ன? கேக்கல."

அவன் இன்னும் கிட்டே குனிந்து, சத்தத்துக்கு மேல் சத்தமாகச் சொன்னான். அந்த நேரம் பார்த்து ஹர்காஜித் அடுத்த வரிக்காக மத்தளத்தை நிறுத்தினார். தெரு நிசப்தமாக இருந்தது. அதில் நோர்டெனின் குரல் மட்டும் தனியாக நின்றது.

"...நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது."

ஒரு கணம்தான். பழக்கம் யாரை விட்டது?

"தேவ்சி ரே!" என்றது கூட்டம்.

சிரிப்பு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. நோர்டெனின் கண்கள் வெட்கத்தில் கோடாகின. இந்த்ரேணி அப்பாவைப் பார்த்தாள். அவர் மத்தளத்தின் மேல் கையை வைத்தபடி, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

எப்படியோ கேட்டுவிட்டது.

"தேவ்சி ரே!"

அடுத்த மாசி மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. இந்த்ரேணி இன்றும் நூலகத்தில்தான் இருக்கிறாள். நோர்டென் ஜீப் ஓட்டுகிறான். ஒரே மகள் சிலிகுரியில் படிக்கிறாள். தன்பீர் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டார். ஸோனம் லெப்சா அதற்குப்பின் ஆறு வருஷம் இருந்து, ஒரு மார்கழிக் காலையில் இறந்தார். ஹர்காஜித் மறு வருஷத்திலிருந்து தேவ்சிக்கு முன்வரி பாடவில்லை. இப்போது கண் சரியாகத் தெரியாது, இந்த்ரேணி வீட்டில்தான் இருக்கிறார். பதினொரு டேப்புகளில் எதுவும் அழிக்கப்படவில்லை. பன்னிரண்டாவது ஸோனம் பேசியது. பதின்மூன்றாவது ஹர்காஜித்துடையது, அரை நிமிஷம்கூட ஓடாது. அதில் அவர் தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, "அவன் போனதப் பாத்தேன். ஏன்னு கேக்கல" என்கிறார்.