ஒரு சஹனில் நாலு கை

2006, ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. கோவிலம்பாக்கம்.

கங்கையம்மாள் கடைசியாகச் சாப்பிட்டது, தன் கையாலேயே புதினா ஆய்ந்து கொடுத்துச் சமைத்த மட்டன் பிரியாணி. சாப்பிட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மேடவாக்கம் சாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டே நின்றது. அது வந்து சேர்ந்தபோது ஏற்றிக்கொண்டு போக அவசரம் ஒன்றும் மிச்சமில்லை.

அது நஃபீசாவின் வீட்டு ஹால். நஃபீசா ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்களுக்குச் சமையல் வகுப்பு நடத்துகிறவள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கோயில் பார்த்து, கடல் பார்த்து, அலுத்துப்போய் இவளிடம் வருவார்கள். கறி கழுவுவதிலிருந்து தம் போடுவதுவரை அவர்களே செய்ய வேண்டும். வகுப்பு முடிந்ததும் தரையில் வெள்ளை விரிப்பைப் போட்டு, வந்த நாலு பேரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தத் தட்டுக்குப் பெயர் சஹன். வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதே அதற்காகத்தான்.

இன்ஸ்பெக்டர் வேதா உள்ளே வந்தபோது பிணம் சுவரோரம் இருந்தது, சஹன் நடுவில் இருந்தது, மூன்று பேர் மூன்று மூலையில் நின்றார்கள்.

"ஒரே தட்டுல நாலு பேரும் துன்னுகீறாங்க மேடம்," என்றார் ஏட்டு சம்பந்தம். "மூணு பேரு கல்லாட்டம் கீறாங்க. அந்தம்மா மட்டும் பூட்ச்சு. இன்னா பேஜாரு இது."

வேதா குனிந்து தட்டைப் பார்த்தாள். ஈயம் பூசிய கனமான தட்டு. விளிம்பில் 'ஹனீஃபா' என்று பெயர் வெட்டியிருந்தது. அந்தப் பெயர் கங்கையம்மாள் உட்கார்ந்திருந்த சுவர்ப்பக்கம் இருந்தது. பெயருக்கு நேரே, சோற்றின் மேல், உறிஞ்சிப் போட்ட ஒரு நல்லி எலும்பு. தட்டில் வேறு நல்லி இல்லை.

போலீஸோடு வந்த டாக்டர் அதை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். துளைக்குள் கொழுப்போடு ஏதோ பொடி ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எலி மருந்து மாதிரி இருக்கு. சோத்துல இல்ல, நல்லிக்குள்ளதான் அடைச்சிருக்காங்க. லேப் ரிப்போர்ட் வரட்டும்."

முதலில் நஃபீசா. அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தன. வாசலில் அதற்குள் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். டிவி வேன் ஒன்று கேபிளை இறக்கிக்கொண்டிருந்தது.

"யார் எங்கே உட்கார்ந்தாங்க?"

"அம்மாவுக்கு மூட்டுவலி, சுவரோரம். பக்கத்துல மருமக சுபத்ரா. அம்மாவுக்கு எதிர்ல மகன் ஹரிபிரசாத். இந்தப் பக்கம் தனியா வந்த ஐசக் தம்பி. மகன்தான் எல்லாருக்கும் எடம் சொன்னாரு."

"தட்டுல அடுக்கினது?"

"அதுவும் பாடம்தான் மேடம். தம்மை நான் உடைச்சேன். சோறு அள்ளினது, நல்லியை மேல வெச்சது மகன். வறுத்த வெங்காயம் தூவினது மருமக. ஹாலுக்குத் தூக்கிட்டு வந்ததும் மகன்தான், கனமாச்சே."

"நல்லி இன்னார் கைக்குப் போகும்னு எப்படித் தெரியும்?"

"சஹன்ல அவங்கவங்களுக்கு முன்னாடி இருக்கிறதைத்தான் எடுக்கணும். அடுத்தவங்க பக்கம் கை போகக் கூடாது. முதல் பாடமே அதான்."

"ஹாலுக்கு வந்தப்புறம் தட்டை யார் தொட்டது?"

"யாரும் தொடல. எல்லாரும் பின்கட்டுக்குக் கை கழுவப் போனாங்க. நான் வந்து தயிர்ப்பச்சடி வெச்சேன். அவ்வளவுதான், அல்லாஹ் மேல ஆணையா."

அவள் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை. பொய் சொல்லாமலே தப்பாகச் சொல்கிற சாட்சிகளை வேதா நிறையப் பார்த்திருக்கிறாள்.

அடுத்து ஹரிபிரசாத். சிங்கப்பூரில் வேலை. மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு லீவுக்கு வந்தவன், தாம்பரத்தில் ஹோட்டலில் ரூம். அழுது அழுது கண் சிவந்திருந்தது. அந்த அழுகையில் பொய் இல்லை.

"அம்மாவுக்கு யார் மேலயாவது பகை?"

"எங்கம்மாவுக்கா? யாரும் இல்ல மேடம்." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தான். குரலைத் தாழ்த்தினான். "சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். சுபாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள்கூட ஒத்துக்காது. இன்னிக்கி அவதான், 'நீங்க சாப்பிடுங்க அத்தை'ன்னு அந்த நல்லியை வற்புறுத்திக் கொடுத்தா. ஐசக்கைக் கேளுங்க."

ஐசக் பெங்களூர்க்காரன். சிறுசேரியில் இரண்டு மாத வேலைக்காக வந்தவன். கழுத்தில் டிஜிட்டல் கேமரா தொங்கியது.

"ஆமா மேடம், அப்படித்தான் சொன்னாங்க. ஆன்ட்டி நல்லியைக் கையில எடுத்தாங்க. ஹரி சார், 'அம்மா, அதை சுபாகிட்ட குடும்மா'ன்னார். அதுக்கு சுபத்ரா மேடம், 'வேணாம் அத்தை, உங்களுக்குத்தான் பிடிக்கும், நீங்க சாப்பிடுங்க'ன்னாங்க. ஆன்ட்டி உறிஞ்சினாங்க. 'கசக்குதே'ன்னாங்க. ஹரி சார் உடனே தண்ணி எடுத்துக் கொடுத்தார்."

"போட்டோ எடுத்தீங்களா?"

"சஹனை வெச்ச உடனே ஒண்ணு, ஹரி சாரும் பக்கத்துல நிக்க. எடுத்துட்டுத்தான் கை கழுவப் போனேன்."

வேதா அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தரையில் இருந்த தட்டையும் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தம் ஒரு கைப்பையோடு வந்தார். சுபத்ராவின் பை. அடியில், சீப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே, பிரித்த எலி மருந்துப் பாக்கெட்.

"மேட்டரு முடிஞ்சுது மேடம். ஜீப்புல ஏத்திடலாமா?"

சுபத்ரா அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாள். வலது கையில் சோறும் மசாலாவும் காய்ந்து ஒட்டியிருந்தன. சரிந்த மாமியாரை மடியில் தாங்கிய கை, கழுவ நேரமிருக்கவில்லை.

"இது என்னோடது இல்ல."

"அத்தைக்கும் உங்களுக்கும் சண்டையா?"

"தினமும். உப்புக்கு ஒரு சண்டை, டிவி சத்தத்துக்கு ஒரு சண்டை."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

"சண்டை போடறதுக்கு எனக்கு வேற யார் மேடம் இருக்காங்க?"

"நல்லி உங்களுக்குப் பிடிக்காதா?"

"பிடிக்கும். ஆனா வீட்டுல நல்லி வந்தா அத்தைக்குத்தான். அவரே தட்டி எடுத்துக் குடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அது மாறினதே இல்ல."

"இந்த க்ளாசுக்கு வரலாம்னு சொன்னது?"

"அவர்தான். 'உனக்குச் சமையல் பிடிக்குமே'ன்னார். ஊருக்கு வந்ததுலேர்ந்து ரொம்ப நல்லா நடந்துக்கறார்."

"அதுக்கு முன்னாடி?"

அவள் தரையைப் பார்த்தாள். "விவாகரத்து கேட்டுக்கிட்டிருந்தார். அங்க ஒருத்தி இருக்கா. நான் கையெழுத்துப் போடல. அத்தை போட விடல. 'அவளை அனுப்பினா நானும் அவகூடப் போயிடுவேன்'னு சொல்லிட்டாங்க."

"நேத்து எங்கே போனீங்க?"

"குன்றத்தூர் முருகன் கோயில். அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டே படி ஏறினாங்க. அவர் போன் பேசணும்னு கீழயே நின்னுட்டார்."

வேதா எலி மருந்துப் பாக்கெட்டைத் திருப்பினாள். பின்னால் ஒரு கடையின் ஸ்டிக்கர், குன்றத்தூர் என்று விலாசம். கேமராவையும் பாக்கெட்டையும் சம்பந்தத்திடம் கொடுத்து ஏதோ காதில் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்தார்.

"அவளைச் சும்மா விட்டுடாதீங்க மேடம்," என்றான் ஹரிபிரசாத். "எங்கம்மாவைக் கொன்னவ."

வாசலில் யாரோ விஷயத்தைக் கசியவிட்டிருந்தார்கள். "மருமகளை வெளியே அனுப்பு" என்று கூட்டம் கத்தியது. சுபத்ராவுக்கு அது கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

மாலை ஐந்தரை மணி.

பிணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். சஹனிலிருந்ததையும் டாக்டர் டப்பாக்களில் அடைத்து எடுத்துப் போயிருந்தார். வேதா மூன்று பேரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்தாள். சுவரோரம் மட்டும் காலி. வெறும் சஹனை விரிப்பின் நடுவே வைத்து, 'ஹனீஃபா' என்ற பெயர் சுபத்ராவுக்கு நேரே வரும்படி தள்ளினாள். அண்டாவிலிருந்து ஒரு எலும்பை எடுத்து அந்தப் பெயருக்கு மேலே வைத்தாள்.

"நஃபீசாம்மா, மதியம் பச்சடி கொண்டாந்து வெச்சீங்களே, அதே மாதிரி இப்ப வைங்க."

நஃபீசா கிண்ணத்தோடு வந்தாள். குனிந்தாள். வலது கை கிண்ணத்தை நடுவில் வைத்தது. இடது கை தட்டின் விளிம்பைப் பிடித்து, சத்தமில்லாமல், கால் வட்டம் திருப்பியது. எலும்பு சுவரோரக் காலி இடத்துக்கு நேரே போய் நின்றது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"பச்சடி வெச்சேன் மேடம்."

"தட்டைத் திருப்பினீங்க."

நஃபீசா தன் கையையே பார்த்தாள். "அது… பெரியவங்க பக்கம்தானே மேடம் நல்லி இருக்கணும். சஹன் வெக்கிறதுன்னா அப்படித்தான். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் வெப்போம். அதைப் போயி தொட்டதுன்னு…"

அவளுக்கு அப்போதுதான் புரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மரியாதைதான் கிழவியைக் கொன்றிருந்தது, அதை இனி யார் சமாதானம் சொல்லியும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

வேதா ஹரிபிரசாத் பக்கம் திரும்பினாள்.

"ஐசக் போட்டோவுல பேரும் நல்லியும் சுபத்ரா பக்கம் இருக்கு. செத்தப்போ ரெண்டும் அம்மா பக்கம். நடுவுல நடந்தது இதுதான். அப்படின்னா விஷம் யாருக்கு வெச்சது?"

"எனக்கெப்படித் தெரியும்? சுபாவே அவ பக்கம் வெச்சு, அம்மாவுக்குத் தரலாம்னு…"

"அந்தப் பக்கம் வெச்சது நீங்க. எடம் போட்டதும் நீங்க. பாக்கெட்டை எடுத்துக்குவோம். மாமியாரைக் கொல்றவ மருந்தைத் தன் பையிலயே வெச்சுக்கிட்டு, போலீஸ் வர்றவரைக்கும் உக்காந்திருப்பாளா? பையில பாக்கெட் இருந்தா பொருந்துற சாவு ஒண்ணே ஒண்ணுதான். தற்கொலை. அதுக்காகத்தான் அதை அவ பையில போட்டீங்க. 'விவாகரத்துன்னு சொன்னேன், மனசு உடைஞ்சு மருந்தைக் குடிச்சிட்டா'ன்னு நீங்க அழுதிருப்பீங்க. தட்டு திரும்பினதும் சாவு மாறிப்போச்சு. பாக்கெட் அப்படியே இருந்துச்சு. சரி, செத்தவ அம்மா, தூக்குல போறவ பொண்டாட்டின்னு முடிவு பண்ணிட்டீங்க."

"இதெல்லாம் கதை."

வேதாவின் செல்போன் அடித்தது. சம்பந்தம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், குன்றத்தூர் அடிவாரம். போட்டோவைக் காட்டினேன். கடைக்காரன் அட்ச்சு சொல்றான். நேத்து அந்தாளுதான் வாங்கிகினு போனானாம். வூட்ல எலி தொல்லைன்னானாம்."

ஹோட்டல் ரூமில் தங்கியிருப்பவனுக்கு எலித் தொல்லை. ஐசக் தலை குனிந்துகொண்டான்.

"ஆனா கடைக்காரன் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்," என்றாள் வேதா. "எல்லாரும் சுபத்ரா சொன்னதையே பிடிச்சுக்கிட்டீங்க. 'நீங்க சாப்பிடுங்க அத்தை.' அது அவ தினமும் பாக்கறது. நல்லின்னா அத்தைக்குத்தான். யாரும் கவனிக்காதது அதுக்கு முந்தின பேச்சு. இத்தனை வருஷமா நல்லியைத் தட்டித் தட்டி அம்மாவுக்குக் குடுத்த மகன், இன்னிக்கி ஒரு நாள், அம்மா கையில எடுத்தப்புறம், 'சுபாகிட்ட குடும்மா'ன்னு ஏன் சொன்னான்?"

ஹரிபிரசாத் விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினான்.

"'சாப்பிடாதம்மா'ன்னு சொல்லியிருக்கலாம். தட்டிவிட்டிருக்கலாம். கைதவறித் தண்ணியைக் கொட்டியிருந்தாக்கூடப் போதும். பெத்தவ கையில விஷம் இருக்கும்போதுகூட, அது யாருக்குப் போய்ச் சேரணும்ங்கறதுதான் உங்களுக்குக் கவலை."

"சத்தம் போட்டிருந்தா மாட்டியிருப்பேன்," என்றான் அவன். நியாயம் கேட்கிறவன் குரல்.

சுபத்ரா அதுவரை அவனைப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள்.

"கசக்குதுன்னு சொன்னாங்களே. அப்பக்கூடவா?"

"தண்ணி குடுத்தேன்ல," என்றான் ஹரிபிரசாத்.

வெளியே டிவிக்காரன் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. வேதா விலங்கை எடுத்தாள்.

வாசலை நெருங்கும்போது அவன் நின்றான். மறுபடியும் அழுதான், மதியம் அழுத அதே அழுகை.

"மேடம், நான் ஒரே பையன். நாளைக்குக் கொள்ளி வெக்க மட்டும் விட்டுடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

வேதா பதில் சொல்லுமுன் சுபத்ரா எழுந்துவிட்டாள்.

"வேணாம் மேடம். அத்தைக்குக் கொள்ளி நான் வெக்கறேன்."

அவனைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து, மதியத்திலிருந்து காய்ந்து கிடந்த கையை நிதானமாகக் கழுவினாள்.