பால் பொங்கும் தோரணம்

உய்யக்கொண்டான் அடுக்ககத்தில் யாரும் யாரிடமும் விசேஷம் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுக்கு வீடு முன்வெட்டி என்கிற தாள் வெட்டும் இயந்திரம் வந்த பிறகு அதற்கு அவசியமும் இல்லை. வீட்டுப் பேச்சையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று கணித்து, பூப்போட்ட தாளை உள்ளே இழுத்து, அதற்கான தோரணத்தைத் தானே வெட்டி வைத்துவிடும். வளையல் வெட்டினால் வளைகாப்பு. தொட்டில் வெட்டினால், சரி, அதையும் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் மாடிக் கோமளவல்லி, உச்சிக் கொண்டைக்காரி, இதிலும் ஒரு படி மேலே. தோரணத்தை எடுத்த பிறகு மிச்சத் தாளில் ஓட்டைகள் இருக்குமே, குப்பை அறையில் அதை வெளிச்சத்தில் பிடித்தே யார் வீட்டில் என்ன என்று சொல்லிவிடுவாள். எதிர்வீட்டு அம்சாவின் மகளுடைய காதல், அம்சாவுக்கு முன்னால் லிப்டுக்குத் தெரிந்தது அப்படித்தான். கோமளவல்லி அதைச் சேவை என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒருநாள் காலை அவள் வீட்டு முன்வெட்டியே கிறீச்சிட்டது. மஞ்சள் கட்டம் போட்ட தாளில் வரிசையாகப் பானைகள், ஒவ்வொன்றிலும் பால் பொங்கி வழிந்தது. புது வீட்டில் பால் காய்ச்சும்போது கட்டுகிற தோரணம்.

யார் போகிறார்கள் புது வீட்டுக்கு? அவள் போகவில்லை. மிச்சம் இருப்பது மகன் பிரசன்னாவும் மருமகள் தாரிணியும்தான். பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். நின்றது. பிறகு ரோஜாப்பூத் தாளை இழுத்துக்கொண்டு மறுபடி பானையில் ஆரம்பித்தது.

தோரணத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்தாள். மிச்சத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டாள். கிழிசலை ஒட்டவைத்துப் பார்க்கும் வித்தையை அம்சா இவளிடம்தானே கற்றிருந்தாள்? சாயங்காலம் லிப்டில் அம்சா தாரிணியையே பிடித்துக்கொண்டாள்.

"தனிக்குடித்தனமாமே, எந்தப் பக்கம் வீடு?"

தாரிணி விழித்தாள். வந்து பிரசன்னாவிடம் சொன்னாள். அவனுக்கும் அதுவரை அப்படி ஒரு யோசனையே கிடையாது. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதம் கோமளவல்லிக்குப் பிடிக்கவில்லை.

"நீ சொல்லாம அது எப்படிம்மா வெட்டும்?" என்றான் பிரசன்னா.

அப்போதுதான் உறைத்தது. தினமும் பால்கனியில் நின்று, மருமகள் லட்சணத்துக்குத் தனியாகப் போய்த் தொலைந்தால் தேவலை என்று அம்சாவிடம் அளந்தது இவள்தான். வாய் ருசிக்காகச் சொன்னது. அம்சா கேட்டுச் சிரித்தாள். முன்வெட்டி சிரிக்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டாள். வீட்டுப் பேச்சு மாறினால் கணிப்பும் மாறும் என்றார்கள். மறுநாளே முன்வெட்டி எதிரில் நின்று உரக்கப் பேச ஆரம்பித்தாள். தாரிணி வைக்கிற ரசம் யாருக்கு வரும்? அவள் இல்லாத வீடு ஒரு வீடா? சொல்லச் சொல்ல, அது பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோபாவில் தாரிணி போனில் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், பாவம், கண் கலங்கிவிட்டது.

"பக்கத்துலயேதான் பாக்கறோம் அத்தை. அழாதீங்க."

முன்வெட்டியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மாமியார் மருமகளை இப்படி வாயாரப் புகழ்ந்தால் மருமகள் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். முன்வெட்டிகள் கேட்ட அத்தனை வீட்டிலும் அப்படித்தான். புதுத் தாளை இழுத்தது. இந்தமுறை பானைகளுக்கு நடுவே வாசலில் நின்று வழியனுப்பிக் கையசைக்கும் ஒரு பெண், உச்சியில் கொண்டையோடு. அந்த அடுக்ககத்தில் கொண்டை போடுகிறவள் ஒருத்திதான்.

கோமளவல்லி அந்த உருவத்தைப் பிரித்து எடுத்தாள். மிச்சத் தாளில் கொண்டை போட்ட ஓர் ஓட்டை இருந்தது.