ஒட்டுத் தோல்

ஓணானின் முதுகில் ஒட்டியிருந்த தோல் இன்னும் பளபளவென்று இருந்தது. வேறொரு ஓணானிடமிருந்து எடுத்து வைத்த துண்டு அது. இதற்குள் கறுத்து, விளிம்பு சுருண்டு, பொருக்காக உதிர்ந்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்தின் சாவியைத் திருப்பித் தராத பெரியவர், கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

அதுதான் சங்கதி. குளிரில் இந்த உடம்புகள் அசந்து கிடக்கும். எது தன்னுடையது, எது வந்து ஒட்டியது என்று பார்க்காது. சூடு ஏறினால் கண்டுகொள்ளும்; வந்து ஒட்டியதை உதிர்த்துத் தள்ளிவிடும்.

அந்த ஒட்டுத் தோலை நிலைக்க வைத்துப் பெயர் வாங்கப் பார்க்கிறான் மருமகன். அவர் இருந்த பதவியில் இப்போது அவன். நேற்று வந்தவன். எல்லோரும் அவனைத்தான் 'சார்' என்கிறார்கள்.

பெட்டிக்கு மேலிருந்த வெப்ப விளக்கின் குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டிவிட்டு, நிமிர்ந்த நடையாக வீடு திரும்பினார்.

கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் மோதியது. மலைக்குளிருக்காக வீடு முழுக்கப் பொருத்தி, காலங்காலமாகப் பழுதாகிக் கிடந்த ஹீட்டரின் குழாய்கள் சுவருக்குள் டக், டக் என்று விரிந்துகொண்டிருக்க, பழைய மரமும் தூசியும் சூடாகும் வாசனை, நெடுநாள் மூடியிருந்த வாய் ஒன்று திறந்ததுபோல் கூடமெங்கும் நிறைந்திருந்தது.

"நான்தான் சரி பண்ணினேன், மாமா. இவ்வளவு நாள் எப்படித்தான் இந்தக் குளிர்ல இருந்தீங்களோ," என்றான் மருமகன். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அவருடைய இடம். மகள் அவனுக்குத்தான் முதலில் பரிமாறியிருந்தாள்.

"எழுந்திரு. கண்டவன் உட்கார்ற இடமில்ல அது. இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு மானம் மரியாதை இருக்கு."

மகள் சிரித்தாள். "அப்பா, இது அம்மாவோட அப்பா கட்டின வீடு. நீங்களும் வீட்டோட மாப்பிள்ளையா வந்தவர்தானே? நீங்க வந்த வருஷம்தான் ஹீட்டரே கெட்டுதுன்னு அம்மா கேலி பண்ணுவாங்களே."

மருமகன் எழுந்து இடம் விட்டான். பெரியவர் உட்கார்ந்தார்.

நாற்காலியின் கைப்பிடி உடம்புச் சூட்டோடு இருந்தது. சுவருக்குள் டக், டக். மாடியில். கூடத்தில். பின்பு அவர் முதுகுக்குப் பின்னால்.

புறங்கை அரித்தது. சொறிந்தார். கறுத்திருந்தது. துடைத்தார். போகவில்லை. விளிம்பு சுருண்டது.

வலியே இல்லை.

"ஹீட்டரை நிறுத்து," என்று சொல்லப் பார்த்தார். குரல் எழவில்லை. உதடு உதிர்ந்தது.

"அப்பாவுக்குக் கை நடுங்குது பாருங்க. இன்னும் குளிருது போல," என்றாள் மகள்.

மருமகன் போய் ஹீட்டரின் குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டினான்.

டக்.

அவள் துடைப்பத்தை எடுத்து வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, காலடியில் விழுந்திருந்த கறுத்த பொருக்குகளைக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டக் கூட்ட, நாற்காலி காலியாகிக்கொண்டே வந்தது.