முருகேஷ் சார் டீ குடிக்கப் போனார்

இது யார் கையில் கிடைத்தாலும் என் அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். என் பெயர் மாதேஸ்வரன். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் நல்லம்பள்ளிப் பக்கம், பிழைப்பு பெங்களூரில் ஏசி ரிப்பேர். லீவு போட்டு வந்தவன், இப்போது அனுமதி கொடுக்கும் ஆபீசுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா, என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு முன்பே போனில் மைக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டேன். பேசுவது எழுத்தாகிறது.

காலையில் நுழைந்தபோதே ஏதோ சரியில்லை. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே கடகடவென்று ஃபேன், முத்திரை மையும் ஊசிப்போன சாம்பாரும் கலந்த ஒரு வாடை. ஆள் மட்டும் ஒருவர்தான். முருகேஷ் என்றார். தங்கச்சி காவியா தக்காளி சாஸ் போட நினைக்கும் கொட்டகைக்கு அனுமதி கேட்டேன். பாலக்கோடு மார்க்கெட்டில் கேட்பாரில்லாமல் நம் தக்காளி கூடை கூடையாக அழுகுவதையும் சொன்னேன்.

“அடுத்த சீட்ல கேளுங்க தம்பி.”

அடுத்த நாற்காலி காலி. அதன் முன்னால் போய் நின்றேன். முருகேஷே எழுந்து வந்து அதில் உட்கார்ந்து, என்னை முதல்முறை பார்ப்பவர் போல, “என்ன வேணுங்க?” என்றார்.

மறுபடி எல்லாம் சொன்னேன்.

“அந்த சீட்ல கையெழுத்து வாங்கிட்டீங்களா?”

“அந்த சீட்லயும் நீங்கதானுங்க சார் இருந்தீங்க!”

“அது வேற பொறுப்புங்க.” அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு நாற்காலியாக இதே கதை. கடைசி மேசைக்கு வந்தபோது எனக்குத் தலை கொதித்தது. “இத்தனை சீட்டு காலியாக் கெடக்குது, ஆளே போட மாட்டாங்களா சார்?”

“வந்துகிட்டுதான் இருக்காங்க தம்பி.” என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மேசை டிராயருக்குள் எதுவோ விர்விர்ரென்று அதிர்ந்தது. “போன் அடிக்குதுங்க சார்.”

“வூட்ல இருந்து கூப்புடறாங்க. கொஞ்ச நாள் போனா நிறுத்திருவாங்க.”

பிறகு கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “ஒரு டீ குடிச்சிட்டு வந்தர்றேன். ஒரு நிமிசம் எடத்தப் பாத்துக்கங்க தம்பி.”

உங்களுக்குத் தெரியும் அம்மா. பஸ்ஸில் துண்டு போட்டுவிட்டு ஒருத்தர் இடத்தைப் பார்த்துக்கச் சொன்னால் நம் பக்கம் மறுக்க மாட்டோம். துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். யாரோ பல காலமாக எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்த இடம் மாதிரி நாற்காலி சுட்டது. வாசல் வரை போன முருகேஷ் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர்.

“நானும் தோட்டத்துல போர்வெல் போட அனுமதி கேட்டுத்தான் வந்தேன் தம்பி.”

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

எழப் பார்த்தேன். எழ முடியவில்லை. அப்போதுதான் மைக்கைத் திறந்தேன். போனை மேசையில் வைத்ததும் வலது கை தானாக முத்திரையை எடுத்தது. மையில் ஒற்றி, தாளில் குத்தி, மறுபடி மையில் ஒற்றி. நான் செய்யவில்லை. மதியம் சித்தேரியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். ஓடிவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “அடுத்த சீட்ல கேளுங்க” என்று வந்தது. கால்கள் என்னைத் தூக்கிப் போய் அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தன. “என்ன வேணுங்க?” என்று கேட்டேன். அந்தப் பாட்டி திட்டிக்கொண்டே போய்விட்டார். நல்லவேளை. எதிரில் ஆள் நின்றால் என் வாய் என்னுடையது இல்லை. ஆள் போனால்தான் கால்கள் மறுபடி கடைசி மேசைக்கு வருகின்றன, போனிடம் பேச முடிகிறது.

காவியாவின் மிஸ்டு கால்கள். எடுக்கக் கை வரவில்லை. தேடிக்கொண்டு வந்துவிடுவாள். வரக்கூடாது.

வாசலில் ஸ்கூட்டி நிற்கிறது.

அவள் ஸ்கூட்டிதான். காவியா, உள்ளே வராதே. வராதே.

“ஏண்ணா, போன எடுக்க மாட்டியா? அனுமதி வாங்கப் போனவன் ஆபீசராயிட்டியா?”

“வா கண்ணு. ஒரு டீ குடிச்சிட்டு வந்தர்றேன். ஒரு நிமிசம் எடத்தப் பாத்துக்கோ.”

“சரிண்ணா. எனக்கும் ஒண்ணு சொல்லு.”

துண்டை நகர்த்தி உட்கார்கிறாள்; என் கை மறுபடி என் பேச்சைக் கேட்கிறது.

நான் வெளியே நிற்கிறேன். கையில் போன். மறுபடி உள்ளே போகக் கால் படியேற மறுக்கிறது. ஜன்னல் வழியாகத் தெரிகிறாள். கை முத்திரை குத்துகிறது. கண் மட்டும் என்னைப் பார்க்கிறது. கூப்பிட்டேன். காவியா. காவியா.

“அடுத்த சீட்ல கேளுங்க” என்கிறாள்.

இதைப் படிப்பவர்கள் யாராக இருந்தாலும் சரி, ஒருவர் வாருங்கள். ஒரே ஒரு நிமிடம், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.