நேற்று வரை ஓடிய கணினி

லோஷினியால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கணினி அறை வாசலுக்கு ஓடினாள். வெளியே எட்டிப் பார்த்தாள். மறுபடி உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது.

மணி எட்டே முக்கால். பத்து மணிக்குப் பெற்றோர்கள் பள்ளிக் கண்காட்சிக்கு வந்துவிடுவார்கள்.

உலு திராமில் உள்ள அந்தத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள், அந்தக் கண்காட்சிக்காக மூன்று மாதமாக உழைத்து ஒரு கணினி விளையாட்டைச் செய்திருந்தார்கள். காஹாங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஒரு யானைக்குட்டி வழி தவறிவிடும். அதை அதன் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். படங்களை வரைந்தவள் லோஷினி. குட்டியை நடக்க வைத்தவன் செல்வா.

படங்களை வேகமாகக் காட்டும் நல்ல கார்டு அந்த ஒரு கணினியில்தான் இருந்தது. டீச்சரின் மடிக்கணினியில் போட்டால், யானைக்குட்டி ஓர் அடி வைத்துவிட்டு அடுத்த அடிக்கு வெகுநேரம் யோசிக்கும்.

"நேத்து வயர்ல கால விட்டு இழுத்தது நீதானே?" என்றாள் அவர்கள் வகுப்புக் கஸ்தூரி.

"நான் வேணும்னு செய்யலலா!" என்றான் செல்வா. நேற்று மாலை அவன் கால் தடுக்கி, திரையின் வயர் கழன்று விழுந்தது உண்மைதான். உடனே மாட்டியும் விட்டான்.

மேசைக்கு அடியிலிருந்து கிருஷ்ணகுமாரி டீச்சரின் குரல் வந்தது. "வயர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. வேற கேபிள் போட்டும் பார்த்தாச்சு. இழுத்த வேகத்துல உள்ள இருக்கற கார்டு ஆடிப்போச்சோ என்னமோ."

டீச்சர் தூசியோடு எழுந்து, பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தார். "திங்கக்கிழமைதான் வர முடியுமாம்," என்றார் சோர்ந்த குரலில்.

செல்வா யாரையும் பார்க்கவில்லை. "எங்கப்பா இன்னைக்கு லீவு போட்டிருக்காரு, டீச்சர்."

செல்வாவின் அப்பா காளியப்பனுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவர் பள்ளிக்கு வருவது இதுதான் முதல் முறை.

நேற்று செல்வா போன பிறகு நடந்தது லோஷினிக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவின் கார் வரும் வரை அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. கை சும்மா இருக்கவில்லை. அமுக்கிவிட்டாள். ஏதேதோ ஓடி முடிந்தது. பிறகு கணினியை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சொல்லலாமா? எல்லாரும் திட்டுவார்களே! ஒருவேளை அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல்கூட இருக்கலாம்.

அப்போது செல்வா எழுந்து கதவருகே போனான். அங்கே ஒட்டியிருந்த 'யானைக்குட்டியைக் காப்பாற்றுங்கள்!' என்ற போஸ்டரை மெதுவாக உரிக்கத் தொடங்கினான்.

"டீச்சர்! செல்வா இல்ல. நான்தான்!"

வார்த்தை தானாகவே வெளியே வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லோஷினி ஒரே மூச்சில் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

டீச்சர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அப்டேட்னு இருந்துச்சு. அப்புறம்... கெர்னல்னு."

"கெர்னலா? எங்கப்பா மில்லுல செம்பனைக் கொட்டையத்தான் அப்படிச் சொல்வாங்க!" என்றாள் கஸ்தூரி.

செல்வாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கணினிக்கும் உள்ள ஒரு கொட்டை இருக்கு," என்றார் டீச்சர். "எல்லா வேலையையும் அதுதான் நடத்தும். அந்தப் படக் கார்டுகிட்ட பேசறதுக்கு டிரைவர்னு இன்னொண்ணு இருக்கு. நீ கெர்னல மட்டும் புதுசாக்கிட்ட. டிரைவர் பழசு. ரெண்டுக்கும் ஒத்துப்போகல போல."

"அப்ப பழைய கெர்னல் அழிஞ்சு போச்சா, டீச்சர்?"

"அதுதான் எனக்கும் தெரியல."

லோஷினி கணினியை அணைத்து மறுபடி போட்டாள். காலையிலிருந்து எல்லாரும் திரை கடைசியில் கறுப்பாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அவள் தொடக்கத்தைப் பார்த்தாள்.

"நில்லுங்க! முதல்ல ஒரு பட்டியல் வந்துட்டுப் போகுது!"

மறுபடி போட்டார்கள். பட்டியல் வந்தது. கீழே ஐந்து, நான்கு, மூன்று என எண்கள் குறைந்தன. படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. அடுத்த முறை அவசரத்தில் வேறு பொத்தானை அமுக்கிவிட்டாள். மறுபடியும் கறுப்பு.

மணி ஒன்பது இருபத்தைந்து.

"நான் போடறேன். நீ கீழ் அம்புக்குறிய மட்டும் அமுக்கு," என்றான் செல்வா.

லோஷினி ஒரு விரலை அம்புக்குறியின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தாள். பட்டியல் வந்தது. அமுக்கினாள். எண்கள் அப்படியே நின்றுவிட்டன. இரண்டாவது வரி, 'கூடுதல் தேர்வுகள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் திறந்தாள். ஒரே மாதிரி நீளமான பெயர்கள். எண்கள் மட்டும்தான் வேறு.

"பெரிய எண் நேத்து வந்தது. அப்ப சின்ன எண்தான் பழசு. அமுக்கட்டுமா, டீச்சர்?"

"அமுக்கு."

திரை கறுத்தது. கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். திரை ஒருமுறை மின்னியது. பிறகு செம்பனை மரங்கள் படம் போட்ட முகப்பு பளிச்சென்று வந்தது. செல்வா விளையாட்டைத் திறந்தான். யானைக்குட்டி துதிக்கையை ஆட்டிக்கொண்டே நடந்தது.

அறையே கூச்சல் போட்டது.

"திங்கக்கிழமை டிரைவரையும் புதுசாக்கிடலாம்," என்றார் டீச்சர். "அதுவரைக்கும் பட்டியல்ல பழசத்தான் எடுக்கணும்."

செல்வா லோஷினி பக்கம் திரும்பினான். "அவ்வளவு நேரம் நான் திட்டு வாங்கிட்டு நின்னேன்லா."

"தெரியும். ஸாரி, செல்வா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, அந்தப் போஸ்டர நீயே போய் ஒட்டு."

லோஷினி பசை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பத்து மணிக்கு வாசலில் வரிசை நீண்டது. முதலில் வந்து உட்கார்ந்தவர் காளியப்பன். உட்கார்ந்த உடனே யானைக்குட்டியைத் தோட்டத்து லொங்காங்கில், அந்தக் கால்வாயில், தள்ளிவிட்டார்.

"அலமாக்! இந்தக் கால்வாய யாரு இங்க வெட்டினது?"

"நான்தான்ப்பா!" என்றான் செல்வா பெருமையாக.

இரண்டாம் முறையும் கால்வாய். மூன்றாம் முறையும் கால்வாய். பின்னால் நின்ற முதலாம் ஆண்டுச் சிறுமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், போதும். இப்ப என் டர்ன்."

காளியப்பன் மனமே இல்லாமல் எழுந்தார். நேராக வரிசையின் கடைசிக்குப் போய், மறுபடியும் நின்றுகொண்டார்.