மூன்றாம் சுருளின் பாட்டு

பேளுக்குறிச்சிச் சந்தை கலைந்த மறுநாள் விடியலில் காளியண்ணன் மலையேறினான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்துத் தை மாதம். கொல்லிமலைக்கு அப்போது வண்டிப் பாதை கிடையாது. கல்லும் வேருமாக ஏறுகிற ஒற்றையடித் தடம்தான். முன்னால் நான்கு சுமைக்காரர்கள் படம் காட்டும் எந்திரத்தையும் திரைத்துணியையும் தகரப் பெட்டிகளில் அடைத்த படச்சுருள்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களை விரட்டியபடி படக் கம்பெனி முதலாளி சென்றாயன். எல்லோருக்கும் கடைசியாக, காளியண்ணனின் ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் ஏந்தி வந்தவன் மாதன் என்ற மலைக்காரன்.

படங்கள் இன்னும் பேசத் தொடங்காத காலம். திரையில் ஆட்கள் வாயசைப்பார்கள், சத்தம் வராது. திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே காளியண்ணன் வாசிப்பான். திருடன் பதுங்கினால் அடிக்கட்டையில் ஒரே சுரத்தை உறுமவிடுவான். துரத்தல் வந்தால் விரல்கள் ஓடும். கையில் இருந்த படம் ஒரு கொலைக்கதை. அதன் மூன்றாம் சுருளில், தண்ணீர் இறைக்கக் குனியும் மனைவியைக் கணவன் கிணற்றுக்குள் தள்ளிவிடுவான். பேளுக்குறிச்சியில் முதல் நாள் அந்த இடத்துக்கு முகாரியை இழைத்து வாசித்தான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். படம் ஊமை, அதற்கு நாக்கு நான்தான் என்று காளியண்ணனுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

பாதி மலையில் சுமையிறக்கி இளைப்பாறியபோது மாதன் கேட்காமலே சொன்னான்.

"ராசப்பனுக்கு இது ரண்டாங் கல்யாணமுங்க. மொத சம்சாரம் என்ற தங்கச்சிங்க. இருசாயி."

ராசப்பன்தான் தன் கல்யாணத்துக்குப் படம் காட்ட அவர்களை அழைத்திருந்தவர். திருப்புலி நாடு என்ற அந்த மலைப்பகுதியில் விளையும் பாதி மிளகு அவர் கிடங்கு வழியாகத்தான் கீழே இறங்கும்.

"தங்கச்சிக்கு என்ன ஆச்சு?" என்றான் காளியண்ணன்.

"போன ஆடியில சுனைக்குத் தண்ணி மோக்கப் போனா. பாறையில வழுக்கி உழுந்துட்டான்னு சொன்னாங்க." மாதன் சும்மாட்டைப் பிரித்து மறுபடி சுற்றினான். "நாம பொறந்ததுல இருந்து நடக்கற பாறைங்க அது."

பெட்டியை ஏந்திக்கொண்டு எழுந்துவிட்டான்.

உச்சிப் பொழுதுக்கு ஊர் வந்தது. ராசப்பன் வாசலுக்கே வந்து கைகூப்பினார். நல்ல உயரம், நரைக்காத மீசை, மரியாதையான பேச்சு. கூடத்தில் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் இலையில் விழுந்தன. மறுநாள் பிற்பகல் படம், அதற்கு மறுநாள் காலை முகூர்த்தம். பெண் வீட்டார் வளப்பூர் நாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். எங்கும் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. மிளகுக் கிடங்குதான் கொட்டகை. கருங்கல் சுவர், ஜன்னலே இல்லை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கண் தெரியாது. உள்ளே நுழைந்ததும் மிளகின் காரம் தொண்டையைப் பிடித்தது.

அன்று மாலையே, படத்தை முன்கூட்டி ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் ராசப்பன். தனியாக. சென்றாயன் கார்பைடு விளக்கை ஏற்றிக் கைப்பிடியைச் சுற்றினான். ஒற்றை ஆளுக்கு எதற்கு வாசிப்பது என்று காளியண்ணன் பெட்டியைத் திறக்கவில்லை. எந்திரத்தின் கடகடப்பு மட்டும் கல்சுவரில் மோதியது. முதல் இரண்டு சுருளுக்கும் ராசப்பன் தொடையைத் தட்டி ரசித்தார். மூன்றாவதில் கிணறு வந்ததும் தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. லாந்தரை ஏற்றியபோது, அந்தக் குளிரிலும் அவர் மேல்துண்டு நனைந்திருந்தது.

"ஏனுங்க பெட்டிக்காரரே," என்றார். "அந்தக் கெணத்து எடத்துல என்ன வாசிப்பீங்க?"

"சோகமா வாசிப்பேனுங்க."

"வேண்டாமுங்க. சிரிக்கற மாதிரி வாசிங்க."

சென்றாயன் குறுக்கே வந்தான். "உங்களுக்குப் புடிக்கலீன்னா அந்தச் சுருளையே விட்டுடறமுங்க."

"சந்தையில படம் பாத்தவங்க பத்துப் பேரு வந்திருக்காங்க. ஏன் விட்டீங்கன்னு கேப்பாங்க." ராசப்பன் குரலைத் தாழ்த்தினார். "சனம் சிரிச்சுட்டா அதோட போச்சுங்க. அது வெறும் படம்னு ஆயிப்போகும்."

காளியண்ணனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாதன் சொன்னதும் இதுவும் ஒன்றோடொன்று பொருந்தின. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் மனசு வேறு பக்கம் ஓடியது. சாகிற பெண்ணைக் காட்டிச் சிரிக்க வைக்க முடியுமா? எந்த மெட்டு, என்ன காலம்? அன்று படுக்கும்போதுகூட அவன் விரல்கள் போர்வைக்குள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் பிற்பகல் மூடுபனி வாசல் வரை இறங்கியிருந்தது. கிடங்கில் நூறு பேர் சாக்குகளை விரித்து நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணப் பெண் சின்னாயி மஞ்சள் பூசிய முகத்தோடு முன்வரிசையில் இருந்தாள். பதினேழு வயதிருக்கும். ராசப்பன் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தார். மாதன் கதவோரம் குத்துக்காலிட்டிருந்தான்.

கதவு மூடியது. விளக்கின் வாயு நாற்றமும் மிளகின் நெடியும் கலந்தன.

முதல் இரண்டு சுருள்களும் நன்றாகவே போயின. காளியண்ணன் உறுமினால் சனம் ஒடுங்கியது. அவன் ஓடினால் அதுவும் சேர்ந்து ஓடியது. அந்த நூறு பேரின் மூச்சும் தன் இடது கையின் துருத்தியில் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

மூன்றாம் சுருள் தொடங்கியது. மனைவி குடத்தோடு வருகிறாள். பின்னால் கணவன்.

காளியண்ணன் நாடகத்துக் கோமாளி வருகிற துள்ளல் மெட்டை எடுத்தான். குடம் ஆடுவதற்கு ஒரு குலுக்கு, கணவன் அடியெடுத்து வைப்பதற்கு ஒரு வெட்டு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அவள் கிணற்றடியில் குனிந்தபோது கிடங்கே குலுங்கியது. நாற்காலியில் ராசப்பன் சாய்ந்து உட்கார்வது தெரிந்தது.

கணவனின் கைகள் திரையில் எழுந்தன.

அப்போது சத்தம் மாறியது.

காளியண்ணனின் விரல்கள் மாறவில்லை. அதே கட்டைகள், அதே துள்ளல். ஆனால் பெட்டியிலிருந்து வந்தது வேறு. உரலில் உலக்கை விழும் நிதானத்தில், வாய் திறக்காமல் ஒரு பெண் முனகுவதைப் போன்ற மெட்டு. அவன் அதை எங்கும் கேட்டதில்லை.

சிரிப்பு அறுந்து நின்றது.

அவன் வலது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்தான்.

மெட்டு நிற்கவில்லை.

இடது கையை எடுக்கப் பார்த்தான். துருத்தி அவன் உள்ளங்கையை வெளியே தள்ளியது. பிறகு உள்ளே இழுத்தது. மூச்சு வாங்கும் ஒரு முதுகின்மேல் கை வைத்ததுபோல இருந்தது. ஈரப் பாசியின் வாடை குப்பென்று எழுந்து மிளகு நெடியை அமுக்கியது.

திரையில் படம் மாறவே இல்லை. அதே பம்பாய் நடிகை, அதே கிணறு. ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் நடுக்கத்தோடு வந்தது.

"இது இருசாயி பாட்டுல்ல?"

இன்னொருத்தி விம்மினாள். ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் எல்லோரும் திரையில் இப்போது யாரைப் பார்க்கிறார்கள் என்பது காளியண்ணனுக்குப் புரிந்தது. அவனும் அவளைத்தான் பார்த்தான். முகம் தெரியாத அவளை.

"நிறுத்துங்க," என்றார் ராசப்பன்.

சென்றாயன் பயத்தில் கைப்பிடியை விட்டுவிட்டான். ஓடாமல் நின்ற சுருள் விளக்குச் சூட்டில் கருகியது. குனிந்திருந்த பெண்ணின் முதுகில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, விரிந்து, அவளை முழுசாகத் தின்றது. திரை வெள்ளையானது. சென்றாயன் பதறி விளக்கை அணைத்தான்.

இருட்டு.

வெறும் இருட்டில் பாட்டு மட்டும் நடந்தது.

ராசப்பன் பேசத் தொடங்கினார். தாழ்ந்த குரல். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போல.

"நான் கூப்பிட்டேன் புள்ள. ரண்டு தரம் கூப்பிட்டேன்."

பாட்டு நடந்தது.

"நீ திரும்பிப் பாத்திருந்தா தள்ளியிருக்க மாட்டேன். பாடிக்கிட்டே குனிஞ்சுட்டே இருந்தியே."

துருத்தி ஒரு தரம் முழுசாக விரிந்து அடங்கியது. மெட்டு காளியண்ணனின் மடியிலிருந்து நகர்ந்ததுபோல இருந்தது. ராசப்பனின் நாற்காலிப் பக்கம் போனது. பிறகு கதவருகே. கதவு திறந்து பனியின் வெளிச்சம் உள்ளே விழுந்தபோது, ராசப்பன் செருப்பில்லாமல் வெளியே நடந்துகொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. கதவோரம் இருந்த மாதன் காலைச் சற்று மடக்கி அவருக்கு வழி விட்டான்.

முன்வரிசையில் சின்னாயி மட்டும் அழவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ராசப்பனைச் சுனையில் கண்டெடுத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர். தண்ணீர் மொள்ளக் குனிகிறவரைப் போலவே முகம் கவிழ்ந்து கிடந்தார். உடம்பில் காயமில்லை.

பந்தலைப் பிரிக்கும் சத்தத்துக்கு நடுவே மாதன் வந்து காளியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். நேற்று தங்கச்சியைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்ட பிறகும் துள்ளல் மெட்டு வாசித்தது காளியண்ணனை உறுத்தியது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான்.

"அந்தப் பாட்டு ரொம்ப உருக்கமா இருந்துதுங்க," என்று மட்டும் சொன்னான்.

மாதன் அவனைத் திரும்பிப் பார்த்தான். "உருக்கமா? அது கேலிப் பாட்டுங்க. சாமை குத்தறப்ப மச்சானைக் கிண்டல் பண்ணிப் பாடறது. அவ பாடுனா நாங்கெல்லாம் வயிறு வலிக்கச் சிரிப்போம். இன்னிக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரலீங்க. எனக்கும் வரல."

காளியண்ணன் அந்த ஆர்மோனியத்தைக் கிடங்கிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினான். சென்றாயன் எவ்வளவு கூப்பிட்டும் கம்பெனிக்குத் திரும்பவில்லை. ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் வேலையில் சேர்ந்தான். கல்யாண ஊர்வலம் தெருவில் போனால் கடையின் பின்கட்டுக்குப் போய்விடுவான்.

நான்கு வருஷம் போயிற்று. பேசும் படம் வந்துவிட்டது. ஒருமுறை கடை வேலையாகச் சேலம் போனபோது, கூட வந்தவர்கள் அவனை வற்புறுத்திக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். அவனும் ஒருவாறு தைரியத்தோடுதான் போனான். சத்தமும் சுருளிலேயே பதிந்து வருகிறது. இன்றைக்கு எது கேட்கிறதோ அதுதான் நாளைக்கும். ஒருவர் கையும் நடுவில் இல்லை. யார் வந்து எதை மாற்றிவிட முடியும்?

பாதிப் படத்தில் ஒரு கோமாளிக் கட்டம் வந்தது. தொந்திக்கார மைனர் ஒருவர் பல்டியடித்துக் குளத்தில் விழுகிறார். தவிலும் கிளாரினெட்டும் கும்மாளம் போட்டன. காளியண்ணன் வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

சிரித்தது தான் மட்டும்தான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

கொட்டகை அசையாமல் இருந்தது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்கத்து இருக்கைப் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று கிசுகிசுத்தான் காளியண்ணன். "சிரிப்புக் கட்டந்தானுங்களே."

"சிரிப்புத்தானுங்க," என்றார் பெரியவர். "அந்தம்மாளும் கிண்டலாத்தான் பாடுது. என்னமோ, மனசு தாங்கலீங்க."

காளியண்ணன் திரையைப் பார்த்தான். தவில் அதிர்ந்துகொண்டிருந்தது. மைனர் சொட்டச் சொட்டக் கரையேறிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டத்தில் பெண்கள் யாருமே இல்லை, பாட்டும் இல்லை.