இடப்பக்கத்து நாற்காலி

அன்று பிற்பகல் நான் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன் நடுப்பகல் ஜெபத்துக்காக, தேவாலயத்தின் பழைய கூடத்துக்குப் போனேன். ஜூன் மாத வெயில் எங்கள் மாசசூசெட்ஸ் பஞ்சாலை ஊரை வறுத்துக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் மட்டும் ஈர மரத்தின் வாடை. மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் மார்பில் வெள்ளை ரிப்பன் முடிச்சோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் இடப்பக்கத்து நாற்காலி காலி. அது டீலியாவுடையது.

டீலியா எங்கள் சங்கச் செயலாளர். சிறையிலிருந்த குடிகாரர்களுக்குப் பூங்கொத்து கொண்டுபோனவள். இப்போது அவளுக்கே நாங்கள் பூங்கொத்து கொண்டுபோகிறோம். அப்பாவையும் சிற்றன்னை லவீனியாவையும் கோடரியால் வெட்டிக் கொன்றாள் என்று வழக்கு. நாடே அவள் பெயரை மென்றுகொண்டிருந்தது.

"ஒயினக்கூடத் தொடாத பொண்ணு கோடரியத் தொடுவாளா? சொல்றவன் வாயிலதான் சாராய நாத்தம் அடிக்கும்," என்றார் தலைவி மிஸஸ் ஆல்மி. "ரூத், நீ சொல்றதுலதான் அவ உயிரே இருக்கு. அன்னைக்கு ஜெபம் முடியிற வரைக்கும் அவ கைய நீதானே பிடிச்சிருந்த?"

"ஆமாங்க. விடவே இல்ல."

அப்படித்தான் நம்பியிருந்தேன். கொலை நடந்த அன்றும் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கைகோத்திருந்தோம். டீலியாவுக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டி ஜெபம் தொடங்கியதுமே தூங்கிவிட்டார். மிஸஸ் ஆல்மி ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த சூப் தீய்ந்துவிடும். ஆனாலும் நடுவில் யாரும் கண் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் கூடத்துக்கு எதிரே இருந்த தன் வீட்டில் டீலியாவின் அப்பா வெட்டுப்பட்டார். லவீனியா காலையிலேயே மாடியில் செத்துவிட்டார், உடம்பு ஜில்லிட்டுக் கிடந்தது என்றார் டாக்டர். நாங்கள் கண் திறந்தபோது டீலியா என் பக்கத்தில்தான் இருந்தாள், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

"அவளுக்காகக் கைய நீட்டி வை ரூத். வட்டம் அறுந்துடக் கூடாது," என்றார் மிஸஸ் ஆல்மி.

காலி நாற்காலியின் மேல் கையை நீட்டிக் கண்ணை மூடினேன். ஜெபம் நீண்டது. தெருவில் போன குதிரை வண்டியின் சத்தம் தேய்ந்து மறைந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது.

என் உள்ளங்கையில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

கிணற்றடிக் கல்லைப் போல் ஜில்லென்றிருந்தது. கொலை நடந்த அன்று நான் கையுறை போட்டிருந்தேன். அதையும் மீறிக் குளிர்ந்தது நினைவுக்கு வந்தது. சுண்டுவிரலை மடக்கி வைத்திருக்கிறாள் என்று அன்று நினைத்தேன். இன்று வெறுங்கை. அந்த விரலுக்கு நுனியே இல்லை. மழுங்கிய எலும்பு என் தோலில் உரசியது.

கல்யாணத்துக்கு முன் பஞ்சாலைத் தறியில் சுண்டுவிரல் நுனியைப் பறிகொடுத்தவர் லவீனியா. டீலியாவுக்குப் பத்து விரலும் முழுசு.

அன்று நான் டீலியாவின் கையைப் பிடித்திருக்கவில்லை. அவள் நழுவிப் போயிருக்கிறாள். அந்த இடத்துக்கு, அவள் கொன்றவரே வந்திருக்கிறார். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமென்."

நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"நான் பிடிச்சிருந்தது அவ கை இல்லைங்க," என்று மிஸஸ் ஆல்மியின் காதில் சொன்னேன்.

"புத்தி கெட்டுப் போச்சா? அந்தப் பொண்ணத் தூக்குல ஏத்தப் போறியா? கைய விடலன்னு சொல்லிட்டு இறங்கி வா. வேற எதுவும் பேசாத!"

நீதிமன்றத்தில் நிற்கக்கூட இடமில்லை. டீலியா கறுப்பு உடையில், மார்பில் வெள்ளை ரிப்பனோடு, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பொய் சொன்னால் அவள் வீட்டுக்குப் போவாள். உண்மை சொன்னால் அவளுக்குத் தூக்கு. என்னால் ஊரில் முகம் காட்ட முடியாது.

"அன்னைக்கு நீங்க பிடிச்சிருந்தது யாரோட கை?" என்று கேட்டார் டீலியாவின் வக்கீல்.

"டீலியாவோடது இல்லைங்க."

கூட்டம் கொதித்தது. மிஸஸ் ஆல்மி எழுந்து கத்தினார். டீலியா மட்டும் அசையவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடப்பக்கம் வெறிச்சோடிய இடத்தைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்தது.

"சித்தி..." என்றாள்.

நீதிபதி மேசையைத் தட்டிக் கூட்டத்தை அடக்கினார்.

"உங்க சாட்சி முடிஞ்சுதும்மா. இடது கையக் கீழ போட்டுட்டு இறங்குங்க."

"அத நான் தூக்கலைங்க ஐயா," என்றேன்.